கதவு காட்டப்படவில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று முதல் ஐந்து வரைதான் பார்வையாளர் நேரம். அவள் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து படியேறிவிடுவாள். லிஃப்ட் இருந்தது. அவள் அதில் ஏறுவதில்லை. அண்ணன் டைல்ஸ் ஒட்டப் போன கட்டடத்தில் லிஃப்ட் வரவேண்டிய குழியை ஒரு பலகைகூட அடிக்காமல் திறந்து போட்டிருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவனுக்கு உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. எட்டு மாதமாக முதுகுத்தண்டு வார்டில் அதே ஜன்னலோரக் கட்டில்.

அன்றும் அப்படித்தான் வந்தாள். தோள்பையில் பகடைகள், பென்சில், அலுவலகப் பிரிண்டரில் யாருக்கும் தெரியாமல் எடுத்த ஒரு தாள். வார்டில் ஃபினாயில் நெடி. அதற்கு அடியில், எந்த ஃபினாயிலாலும் கழுவ முடியாத இன்னொரு நெடி. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் முனகியது.

"வாங்க டிகிரி மேடம்," என்றான் அண்ணன்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் என்பதால் அவன் வைத்த பேர் அது. அவள் படித்தாள்; அவள் படிப்பதற்காக அவன் டைல்ஸ் ஒட்டினான். அந்தப் பேரைக் கேட்டால் முன்பெல்லாம் சிரிப்பு வரும். இப்போது யாரையாவது அறைய வேண்டும்போல் இருக்கும். யாரை என்றுதான் தெரியவில்லை. கட்டடம் கட்டியவனையா, பலகை அடிக்காத மேஸ்திரியையா, அல்லது பட்டம் வாங்கிய தன்னையேவா?

ஆறாவது மாதத்தில் அவன் சாப்பாட்டைக் குறைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். ஒருநாள் தலையணை உறையை மாற்றும்போது, விழுங்காமல் சேர்த்து வைத்திருந்த தூக்க மாத்திரைகள் அவள் உள்ளங்கையில் கொட்டின. பதினொன்று. அவள் திட்டவில்லை, அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதிக் காலத்துப் பகடைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

விளையாட்டு ரொம்ப எளிது. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பூமிக்கடியில் இருக்கும் நிலவறைகளுக்குள் புதையல் தேடிப் போவார்கள். கதவைத் திறப்பதா, ஓடுவதா, சண்டை போடுவதா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பக்கத்துக் கட்டிலில் இருந்த லாரி டிரைவரும் எதிர்க் கட்டிலில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரும் சேர்ந்துகொண்டார்கள். மூவருக்கும் கால் வராது. மூவருடைய பாத்திரங்களும் நடந்தன. அண்ணனுடைய பாத்திரம் திருடன். நடக்காது, ஓடத்தான் செய்யும். முதல் நாள் முடிந்ததும் அவன், "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். அடுத்த வாரம் என்று ஒன்று இருப்பதை அவன் ஒப்புக்கொண்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஆனால் வாராவாரம் ஒரு நிலவறைக்கு அவள் எங்கே போவாள்? வாரத்தில் ஆறு நாள் கட்டட அனுமதி அலுவலகத்தில் வேலை. வரும் வரைபடங்களில் குறை கண்டுபிடித்துச் சிவப்புப் பேனாவால் குறிப்பது அவள் வேலை. மாலையில் விரல் மரத்துப்போயிருக்கும். அவளைக் காப்பாற்றியது ஓர் இணையதளம். யாரோ முகம் தெரியாத ஒருவர் வாரத்துக்கு ஒரு நிலவறையைக் கையால் வரைந்து, காசு வாங்காமல் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாள், கறுப்பு மசி, சுவரைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கோடுகள். கீழே எப்போதும் அதே வாசகம்: 'இலவசம். எடுத்துக்கொள்ளுங்கள். அறைகளை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.'

நல்ல வரைபடம் கையில் இருந்தால் பாதிக் கதை தானாக வந்துவிடும். அந்த ஆள் நேர்க்கோட்டில் அறைகளை அடுக்கமாட்டார். வழி இரண்டாகப் பிரியும், சுற்றிக்கொண்டு வந்து சேரும். எந்தப் பக்கம் போவது என்று டிரைவரும் வாத்தியாரும் அரைமணி நேரம் சண்டை போடுவார்கள். அந்த அரைமணி நேரம் யாருக்கும் படுக்கைப் புண் ஞாபகம் வராது. மருத்துவமனை கொடுக்காததை எவனோ ஒருவன் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள் ஒரு நன்றிகூட எழுதியதில்லை.

அந்த வாரத்துத் தாள் அந்தத் தளத்தின் நாற்பத்தொன்றாவது வரைபடம். நான்கு பக்கமும் அறைகள், நடுவில் ஒரு நீள்சதுர அறை, அதைச் சுற்றி ஒரு வளைய நடை. நடு அறைக்குக் கதவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலக மேசையில் அதைப் பார்த்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது தாள்களில் 'கதவு காட்டப்படவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புகிற கை. சிவப்புப் பேனாவை எடுத்தாள். நடு அறையின் தெற்குச் சுவரில் இரண்டு சிறு கோடு போட்டு இடைவெளி விட்டாள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும் கால் வட்டத்தையும் வரைந்தாள். வெளிப்பக்கமாக.

எதற்காக வெளிப்பக்கம் என்று அவள் யோசிக்கவில்லை. பழக்கம்.

"இன்னைக்கு எந்த ஊரு பாதாளம், கண்டக்டரம்மா?" என்றார் டிரைவர். கதை நடத்துகிறவள் என்பதால் அவருக்கு அவள் கண்டக்டர். "ரைட் குடுத்தா வண்டிய எடுத்துருவேன்."

"இவரு எடுத்தா எங்க போய் மோதும்னு தெரியுமேம்மா," என்றார் வாத்தியார்.

"சார், நான் மோதினது ஒரே ஒரு தடவ. அதுக்கே இத்தன பேச்சா?"

கட்டில்களை நெருக்கி, நடுவில் சாப்பாட்டு மேசையைப் போட்டு, தாளை விரித்தாள். காய்களாக மூன்று மருந்து பாட்டில் மூடிகள். டிரைவருக்கு மஞ்சள், வாத்தியாருக்கு வெள்ளை, அண்ணனுக்கு நீலம். ஒரு மணி நேரம் நடைகளில் சுற்றினார்கள். எலும்புக்கூடு ஒன்றை டிரைவர் கெட்ட வார்த்தை சொல்லியே கொன்றார். பிறகு நீல மூடி சிவப்புக் கதவின் முன்னால் வந்து நின்றது.

அண்ணன் பகடையை உருட்டினான். இருபது.

"கதவு உன் பக்கமா திறக்குது," என்றாள் அவள். நடு அறைக்கு அவள் எதையும் யோசித்து வைக்கவில்லை. "உள்ள இருட்டு. காலி அறை."

"காலி இல்ல."

அவள் நிமிர்ந்தாள். அண்ணன் தாளைப் பார்க்கவில்லை. வார்டு வாசலுக்கு வெளியே, நடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு ஆள் நிக்கிறான். முதுகக் காட்டிக்கிட்டு."

அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எட்டு மாதத்தில் அவன் தானாகக் கற்பனை செய்து சொன்ன முதல் வாக்கியம் அது. ஆட்டக்காரர் நல்லதாக ஒன்று சொன்னால் அதை அப்படியே கதையில் சேர்த்துக்கொள்வதுதான் நடத்துகிறவளுக்கு அழகு.

"சரி, நிக்கிறான்," என்றாள். "என்ன பண்றான்?"

"எண்ணுறான்."

"எத எண்ணுறான்?"

"நம்மள."

மின்விசிறி முனகுவதை நிறுத்தியிருந்தது. சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்து மணிக்கு சிஸ்டர் கைதட்டி எல்லாரையும் விரட்டினாள். ஆட்டம் முடியாத தாளைக் கலைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். மூடிகளை அந்தந்த இடத்திலேயே ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டி, தாளை அண்ணனின் கட்டிலோர அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் பையில்.

அடுத்த ஞாயிறு டிரைவரின் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

"புதன்கிழமை போயிட்டாரு," என்றாள் சிஸ்டர். அவளை நடைக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். "விடியக்காலம் நான்தான் பார்த்தேன். இங்க கிடந்தாரு. இந்த நடையில. செவுத்துல முகத்த வச்சிக்கிட்டு."

"யாரு தூக்கிட்டு வந்தா?"

"அதத்தான் எல்லாரும் என்கிட்ட கேக்குறாங்க. யார் தூக்குவா? தவழ்ந்து வந்த மாதிரியும் இல்ல. நின்னு, நின்ன இடத்துலயே சரிஞ்ச மாதிரி இருந்தாரு." சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நீ யார்கிட்டயும் சொல்லிக்காத. என் வேலை போயிரும்."

அவள் அந்தச் சுவரைப் பார்த்தாள். பச்சை வண்ணம் அடித்த வெறும் சுவர். எட்டு மாதமாக அதைச் சுற்றி நடந்திருக்கிறாள். தண்ணீர் பிடிக்க, மருந்து வாங்க, அழுதுவிட்டு வர. ஒரு பக்கம் தொடங்கி நடந்தால், திரும்பி, திரும்பி, திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வரும் நடை. நான்கு பக்கமும் வார்டுகள். நடுவில் ஒரு பெரிய நீள்சதுரம்.

அதற்குக் கதவு இல்லை.

வரைபடம் பார்ப்பதே தொழில் என்று சம்பளம் வாங்குகிறவளுக்கு, காலடியில் இருந்த வரைபடம் தெரியவில்லை.

அலமாரியைத் திறந்து தாளை எடுத்தாள். வெள்ளை மூடி வளைய நடையில் இருந்தது. நீல மூடி சிவப்புக் கதவின் வாசலில் இருந்தது. மஞ்சள் மூடி நடு அறைக்குள் இருந்தது. அது முன்பு இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

"அண்ணே," என்றாள். "இத யார் தொட்டா?"

அவன் மெலிந்த முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. காதலித்து மாட்டிக்கொண்டவன் முகத்தில் வருகிற மாதிரி.

"டிகிரி, யார்கிட்டயும் சொல்லாத. நான் நடக்குறேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ராத்திரி அவன் கூப்பிடுவான். எழுந்து போவேன். கால் இருக்கும், டிகிரி. என் கால். தரை சில்லுன்னு படும். சுவத்துல கதவு இருக்கும், நீ போட்ட மாதிரியே."

"உள்ள என்ன இருக்கு?"

"ஓடலாம்," என்றான் அவன். "எவ்ளோ தூரம் வேணும்னாலும் ஓடலாம்."

"டிரைவர் அண்ணன்?"

"அவரும் வந்தாரு. அவருக்குத் திரும்பி வரத் தெரியல."

எதிர்க் கட்டிலில் வாத்தியார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மதியம் மூன்றரை மணி, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் பல் தந்தியடித்தது. "எனக்கும் கேக்குதும்மா," என்றார். "பேர் சொல்லிக் கூப்பிடல. வெறும் நம்பர்தான் சொல்றான்."

திங்கட்கிழமை அவள் அலுவலகத்தின் பழைய கோப்பறைக்குப் போனாள். தும்மித் தும்மி மூன்று மணி நேரம் தேடியதில் அந்த மருத்துவமனையின் முதல் வரைபடம் கிடைத்தது. துணியில் ஒட்டிய தாள், மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. வார்டு இருக்கும் இரண்டாம் மாடியின் நடுவில் அதே நீள்சதுரம். அவளுக்கு முன்னால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த யாரோ, மங்கிய சிவப்பு மசியில் எழுதியிருந்தார்: 'கதவு காட்டப்படவில்லை.'

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. 'காட்ட வேண்டாம்.'

அன்று மாலை முதல் முறையாக அந்த இணையதளத்துக்காரருக்கு எழுதினாள். நாற்பத்தொன்றாம் வரைபடத்தை எங்கே பார்த்து வரைந்தீர்கள், நடு அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அந்த அறையின் கதவால் ஒருவர் இறந்துபோனார் என்றும் எழுதினாள். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பதில் பத்து நிமிடத்தில் வந்தது. ஒரே வரி.

'நான் கதவு வைக்கவில்லையே.'

அப்புறம் எத்தனை முறை எழுதியும் பதில் இல்லை.

மூன்றாவது ஞாயிறு அவள் பையில் பகடைகளோடு ஒரு ஒயிட்னர் பாட்டிலும் இருந்தது. இடைப்பட்ட நாட்களில் மருத்துவமனை மேலதிகாரியிடம் சொல்லி வார்டு மாற்றச் சொல்லலாம் என்று மூன்று மேசைக்கு அலைந்திருந்தாள். படித்த பொண்ணு இப்படிப் பேசலாமா என்றார்கள். படித்ததால்தான் அவளிடம் அந்த அளவாவது பேசினார்கள். அவள் அம்மா வந்து நின்றிருந்தால் நாற்காலிகூடக் காட்டியிருக்கமாட்டார்கள்.

"ஆட்டத்த இன்னைக்கு முடிக்கிறோம்," என்றாள். "ரெண்டு பேரும் நிலவறைய விட்டு வெளிய வரணும். அவ்ளோதான்."

வாத்தியார் உருட்டினார். பதினான்கு. பதினாறு. ஒன்பது, நல்லவேளை, போதுமானதாக இருந்தது. வெள்ளை மூடி நடையைக் கடந்து, படியேறி, தாளின் விளிம்பைத் தாண்டி மேசை மரத்துக்கு வந்தது. அவர் உடம்பு தளர்ந்து மூச்சு வாங்கியது. "விட்டுட்டான்," என்றார். "சத்தம் நின்னுருச்சும்மா."

நீல மூடி சிவப்பு வாசலிலேயே நின்றது.

"அண்ணே, உருட்டு."

"நான் வரல."

"உருட்டுண்ணே."

"கதவ மூடிட்டா நான் எங்க நடப்பேன்? இந்தக் கட்டில்லயா? நீ சொல்லு, படிச்சவதானே. வாரத்துல ரெண்டு மணி நேரம் நீ வருவ. மிச்ச நேரம் நான் என்ன பண்ணுவேன்?"

உள்ளங்கையில் கொட்டிய பதினொரு மாத்திரைகள்தான் கண்ணுக்கு வந்தன. மாத்திரையை விழுங்கினாலும் கதவுக்குள் போனாலும் அவன் போகப்போகிறான். அவள் விடப்போவதில்லை.

நடத்துகிறவள் ஆட்டக்காரரின் காயைத் தொடக்கூடாது. விடுதியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி அது. எங்கே நிற்கிறேன் என்பதை ஆட்டக்காரர்தான் சொல்ல வேண்டும்.

அவள் நீல மூடியைப் பெயர்த்து எடுத்து வளைய நடையில் வைத்தாள்.

"நீ வெளிய வந்துட்ட," என்றாள். ஒயிட்னரைத் திறந்தாள்.

"மூடியத்தான வெளிய வச்ச," என்றான் அண்ணன். "நான் உள்ளதான் இருக்கேன்."

அவள் பூசினாள். கால் வட்டம் மறைந்தது. ஒரு கோடு மறைந்தது.

"டிகிரி, இரு. வெளிய நிக்கிறது நான் இல்ல. அவன். இரு, நான் வந்துர்றேன், இரு, நான் இன்னும்..."

இரண்டாவது கோடு மறைந்தது.

அவன் பாதி வாக்கியத்தில் நின்றான். வாய் திறந்தபடி இருந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. ஒயிட்னர் காயும்வரை அப்படியே இருந்தான்.

பிறகு வாயை மூடினான். முகச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"முடிஞ்சுதா?" என்றான். "பசிக்குது."

அவள் மேசைமேல் தலையை வைத்து ஓவென்று அழுதாள். எட்டு மாதத்தில் அவன் வாயால் பசி என்று கேட்டதே இல்லை. சிஸ்டர் ஓடிவந்து, வாத்தியார் முதுகைத் தட்டி, எல்லாரும் சேர்ந்து தேற்ற வேண்டியிருந்தது. அண்ணன் மட்டும் அவள் அழுவதை, இதுவரை யாரும் அழுது பார்க்காதவன்போல, ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது. வைத்த தட்டைக் காலி செய்தான். புண்கள் ஆறின. டாக்டர் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார். நான்கு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னறையில் கட்டில் போட்டார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம்புள்ள முகத்துல ஒரு கோவம் இல்ல, ஒரு சிடுசிடுப்பு இல்ல. பழைய ஆளே இல்ல இவன்," என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

அவன் இப்போது அவளை, "தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டான். அதுவும் அழகாக, ஒவ்வொரு எழுத்தாக.

விளையாடலாமா என்று ஒருமுறை கேட்டாள்.

"என்ன விளையாட்டு?" என்றான்.

விபத்துக்குப் பிறகு மனசு சிலதை மறந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு மதியம், அம்மா வெளியே போயிருந்தாள். அவள் ஜன்னலருகே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. வாத்தியார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

"அம்மா," என்றார் அவர். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "உன் அண்ணன் எங்கம்மா இருக்கான்?"

"இங்கதான் சார், என் பின்னாடி. தூங்குறான்."

மறுமுனையில் சக்கரம் உருண்டு நிற்கும் சத்தம் கேட்டது.

"சக்கர நாற்காலியில நடைக்கு வந்தேன்மா. செவுத்துக்குள்ள யாரோ அழறாங்க. மூணு நாளா கேக்குது. பிரமைன்னு இருந்தேன். இப்ப காத வச்சிக் கேட்டேன்." அவர் மூச்சு விட்டார். "ஓடி ஓடிக் கால் வலிக்குதுன்னு அழறான்மா. இருட்டுல செவுரு மட்டும்தான் இருக்காம். குரல்..."

"சார்."

"நீயே கேளு," என்றார். கைப்பேசியைச் சுவரில் வைக்கும் சத்தம் கேட்டது.

அவள் கேட்டாள்.

அந்தக் குரலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அவளுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு கால் தரையில் ஊன்றியது. பிறகு இன்னொன்று. அவசரமே இல்லாமல் காலடிகள் அவளை நோக்கி நடந்து வந்தன.